பிரேக்குக்கும் கியருக்கும் ஒரே பட்டி

மெல்பேர்ணின் பிரன்ஸ்விக் ஈஸ்ட் பகுதியில், மெரி ஓடைக்கரையில் செரஸ் என்றொரு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நீலக்கல் உடைத்த குழி. கல் தீர்ந்த பிறகு குப்பை கொட்டினார்கள். 1982இல் அந்த நிலத்தில் மரம் நட்டு, தோட்டம் போட்டு, சுற்றுச்சூழல் பூங்காவாக ஆக்கத் தொடங்கினார்கள். அதற்குள்ளே தொண்டர்கள் நடத்தும் ஒரு சைக்கிள் பட்டறை உண்டு. அங்கே சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போய்த் திருத்தியதும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இல்லை. பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். திருத்த வேண்டியவர் சைக்கிள்காரர்தான். சைக்கிள் வேலையை ஒழுங்காகப் பழகியது அங்கேதான் என்று நான் யாரிடமும் சொல்வேன்.

வேலை காரணமாக டண்டினோங் பக்கம் வீடு மாறியபோது அந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒருவருடைய கராஜில் வாரவிறுதிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினோம். பெயர்ப்பலகை இல்லை, காசும் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் எங்கள் ஆட்கள், ஆப்கானியர்கள், தென்சூடான் குடும்பங்கள். டண்டினோங் சவுத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடிகிற நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. கார் வாங்க வசதி வரும்வரை சைக்கிள்தான். அதிலும் மவுண்டன் பைக். பழையது மலிவாகக் கிடைக்கும், ரயர் தடிப்பு, பாரம் தாங்கும். பணக்காரப் புறநகர் ஒன்றில் பத்து வருடம் முன்பு பெரிய விலைக்கு வாங்கி, இரண்டு கோடை ஓடி, கராஜில் தொங்கவிட்ட நல்ல சைக்கிள்கள் கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்து சேரும். அந்த நல்ல சைக்கிள்களில்தான் நான் சொல்ல வந்த சிக்கலும் வந்தது. மலிவு சைக்கிளில் பிரேக் லீவருக்கு ஒரு பட்டி, கியர் ஷிஃப்டருக்கு ஒரு பட்டி என்று ஹாண்டிலில் தனித்தனியாகப் பூட்டியிருக்கும். விலை கூடியதில் இரண்டையும் ஒரே பட்டியில் சேர்த்துவிடுவார்கள்.

முல்லைத்தீவுப் பெடியன் ஒருவன். இரவு வேலை, ஞாயிறு மட்டும் ஓய்வு. ஓய்வு நாளில் லிஸ்டர்ஃபீல்டுக்குப் போய்விடுவான். எங்கள் பக்கத்திலிருந்து அது கிட்டத்தான். முன்பு குடிநீர்த் தேக்கமாக இருந்த ஏரி. சுற்றிலும் யூகலிப்டஸ் காடு, கங்காருக் கூட்டம். 2006 பொதுநலவாய விளையாட்டின் மவுண்டன் பைக் போட்டி நடந்த பாதை இன்றும் அங்கே இருக்கிறது, யாரும் ஓடலாம். உலகத் தரத்துக்கு வெட்டிய பாதையில் காசு கொடுக்காமல் ஓடக் கிடைப்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று. அந்தப் பாதையில் ஒரு கல் இறக்கத்தில் விழுந்து, வலக்கை லீவரை முறித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, லீவர் முறிஞ்சு போச்சு. புதுசு வாங்கிக்கொண்டு வந்தனான். பூட்டித் தாறீங்களே?"

சைக்கிளில் இருந்தது ஷிமானோ எக்ஸ்டி, எம்785 வரிசை. அவன் வாங்கி வந்தது அதே எக்ஸ்டி, அடுத்த தலைமுறை எம்8000. தேடிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தான். ஹைட்ராலிக் பிரேக்கில் லீவரை மட்டும் வேறு கொம்பனிக்கு மாற்ற முடியாது. ஷிமானோவுக்கு மினரல் ஒயில், ஸ்ராமின் அந்தக் காலப் பிரேக்குகளுக்கு டொட் திரவம். ஒன்றின் ரப்பர் வளையம் மற்றதைத் தாங்காது. அதை அறிந்து ஷிமானோவாகவே வாங்கியிருந்தான். ஒயில் சரி, ஹோஸ் சரி, கீழே சில்லைப் பிடிக்கிற கலிப்பரோடும் அது ஒத்துப்போகும். பிரேக்கைப் பொறுத்தவரை அவன் செய்தது முழுக்கச் சரியான வேலை.

ஆனால் பழைய லீவரைக் கழற்றியதும் ஷிஃப்டர் கேபிளோடு தொங்கியது. அதற்கென்று சொந்தமாகப் பட்டி கிடையாது. பிரேக்கின் பட்டியில்தான் அது பூட்டியிருந்தது. புதிய பிரேக்கிலும் ஷிஃப்டருக்கு இடம் இருந்தது. அந்த இடத்தின் வடிவம்தான் வேறு.

"ஒரே கொம்பனிதானே அண்ணை? ரெண்டும் எக்ஸ்டி தானே?"

"கொம்பனி ஒண்டுதான் தம்பி. இது பி வகை, நீ கொண்டுவந்தது டூ வகை. ரெண்டும் பூட்டாது."

ஷிமானோ இந்தச் சேர்ப்பு முறைக்கு ஐ-ஸ்பெக் என்று பெயர் வைத்தது. 2010 வாக்கில் எக்ஸ்டிஆர் எம்980 வரிசையோடு வந்தது முதல் வகை. பின்னால் அதை ஏ என்று அழைத்தார்கள். பிறகு பி. 2014இல் எக்ஸ்டிஆர் எம்9000 வரிசையோடு ஐ-ஸ்பெக் டூ. 2018இல் எம்9100 வரிசையோடு ஐ-ஸ்பெக் ஈவி. பத்து ஆண்டுக்குள் நான்கு வகை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். முதல் வகையில் ஷிஃப்டரை நகர்த்த இடமே இல்லை என்று சொல்லலாம். ஈவியில் அது பக்கவாட்டில் 14 மில்லிமீற்றர் நகரும், 60 பாகை சுழலும். பெருவிரலுக்கு அது பெரிய ஆறுதல். எது எதோடு பொருந்தும் என்ற அட்டவணையையும் ஷிமானோ எல்லாரும் பார்க்கத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் இரவு வேலை செய்துவிட்டு, யாரோ ஒருவரிடம் பழைய சாமான் வாங்குகிறவனிடம் அந்த அட்டவணை போய்ச் சேர்வதில்லை.

அப்படியானால் புதிய லீவருக்கு ஏற்ற எக்ஸ்டி ஷிஃப்டரையே வாங்கினால் என்ன என்று கேட்டான். எம்8000 ஷிஃப்டர் 11 கியருக்கானது. அவனுடைய சைக்கிளில் 10. ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேபிளை இழுப்பது என்ற அளவு இரண்டுக்கும் வேறு. ஷிஃப்டரை மாற்றினால் பின்னாலே டெரெய்லரை மாற்ற வேண்டும். பிறகு பற்சக்கரத் தொகுதி, பிறகு செயின். நூல் ஒன்றை இழுக்கப்போய்ச் சட்டையே அவிழ்கிற கதை. முறிந்தது விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் பெட்டிகளைக் கிளறினோம். டியோரே எம்610 ஷிஃப்டர் ஒன்று கிடந்தது. எக்ஸ்டியை விட இரண்டு படி கீழே, 10 கியர், இழுவை அளவு அதேதான். எல்லாவற்றிலும் முக்கியமாக, அதற்குச் சொந்தப் பட்டி இருந்தது. புதுக் கேபிள் போட்டு, லீவருக்கு உள்பக்கமாகப் பூட்டினோம். முதலில் பெருவிரல் பிடி லீவரின் உடம்போடு முட்டியது. ஷிஃப்டரை உள்ளே தள்ளினால் விரல் எட்டவில்லை. கடைசியில் பிரேக்கையே கைப்பிடியிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஷிஃப்டரை அதற்கும் கைப்பிடிக்கும் இடையில் வைத்தோம். அதனால் ஆட்காட்டி விரல் லீவரின் நுனியில் போய் நின்றது. நுனியில் பிடித்தால் நெம்பு கூடும். ஒரு விரலாலேயே நிறுத்தலாம். பெடியன் தெருவில் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, முன்பை விட இது நல்லாயிருக்கு என்றான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. சேர்த்துப் பூட்டும்போது பிரேக் இருக்கிற இடம்தான் கியருக்கும் விதி. பிரித்துப் பூட்டினால் இரண்டையும் அவரவர் கைக்கு ஏற்றபடி வைக்கலாம்.

இப்படிச் சொல்வதால் நான் பழைய காலத்தின் பக்கம் நிற்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஓடியவை ராலி சைக்கிள்கள், அல்லது ராலியைப் பார்த்து இந்தியாவில் செய்தவை. அவற்றில் பிரேக் கம்பியால் இழுபடும். லீவர் தாங்கிகள் ஹாண்டிலிலேயே பற்றவைத்திருக்கும். ஐ-ஸ்பெக்கை விட இறுக்கமான சேர்ப்பு அது. ஹாண்டிலை மாற்றாமல் பிரேக்கை மாற்ற முடியாது. ஆனாலும் 1990இல் போரால் மின்சாரம் நின்று, பற்றரிக்குத் தடை வந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட அந்த வருடங்களிலும் எங்கள் சைக்கிள்கள் ஓடின. பெற்றோல் இல்லாத ஊரில் நோயாளியும் விறகும் நெல்லும் சைக்கிளில்தான் போயின. தாங்கி விட்டுப்போனால் சந்திக் கடையில் பித்தளை வைத்து ஒட்டுவார்கள். கம்பி முறிந்தால் இன்னொரு சைக்கிளின் கம்பி. அது இங்கிலாந்தில் செய்ததா லூதியானாவில் செய்ததா என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அளவு ஒன்று. சேர்த்துப் பூட்டியதால் எங்களுக்கு எந்த நட்டமும் வரவில்லை. அந்தச் சேர்ப்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. கராஜில் அந்தப் பெடியனின் சைக்கிள் முன்னால் குந்தியிருந்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான். பிறகு நான் பார்த்த ஒவ்வொரு சைக்கிளும் இதை உறுதிப்படுத்தியது.

அந்தப் பொது அளவில் ஒரு துண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. மவுண்டன் பைக் ஹாண்டிலில் கைப்பிடியும் பிரேக்கும் கியரும் பூட்டுகிற பகுதியின் விட்டம் 22.2 மில்லிமீற்றர். அங்குலத்தில் எட்டில் ஏழு. பிரித்தானியத் தெருச் சைக்கிள் காலத்து அளவு. நடுவில் ஸ்டெம் பிடிக்கிற இடம் 25.4, 31.8, 35 என்று பருத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஓரம் மட்டும் மாறவில்லை. அதனால்தான் சொந்தப் பட்டி உள்ள எந்தச் சாமானும் எந்த மவுண்டன் ஹாண்டிலிலும் பூட்டும். ஒரு நூற்றாண்டுப் பழைய உடன்பாடு ஒன்று யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நின்று பிடிக்கிறது.

பிரேக்கையும் கியரையும் சேர்க்கிற ஆசை ஐ-ஸ்பெக்கோடு தொடங்கியதல்ல. 1990களின் மவுண்டன் பைக்குகளில் ஷிமானோ ரபிட்ஃபயர் லீவர்கள் பல ஒரே உடம்பாகவே வந்தன. அப்போதைய கன்டிலீவர் பிரேக்குக்கு லீவர் கொஞ்சம் கேபிளை இழுத்தால் போதும். 1996இல் வி-பிரேக் வந்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிள் வேண்டும். பழைய சைக்கிளில் வி-பிரேக் பூட்ட விரும்பியவர் லீவரை மாற்ற வேண்டும். லீவரை மாற்றினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கியர் ஷிஃப்டரும் சேர்ந்து போகும். அந்த ஒரே உடம்பு லீவர்கள் எங்கள் கராஜில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. 2003 வாக்கில் டுவல் கொன்ட்ரோல் என்று ஒன்று வந்தது. பிரேக் லீவரையே மேலும் கீழும் தட்டினால் கியர் மாறும். வடிவமைப்பாகப் பார்த்தால் அழகான யோசனை. மலைப்பாதைக்காரர்களில் பலர் அதை ஏற்கவில்லை. கியருக்கு ஒரு கொம்பனி, பிரேக்குக்கு இன்னொரு கொம்பனி என்று தெரிவு செய்யும் வழியை அது அடைத்துவிட்டது.

சிட்னியில், பெண்டில் ஹில்லில் என் மச்சாள் இருக்கிறா. என்னை விட நன்றாக ஓடுவா. வூட்ஃபோர்ட் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ஓக்ஸ் காட்டுப் பாதை வழியாக கிளென்புரூக் வரை புளூ மவுண்டன்ஸ் மலையை இறங்குவது அவவுடைய ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவிலிருந்து குடிவந்த ஒருவரிடம் நல்ல சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தா. ஸ்ராம் கைட் பிரேக், ஸ்ராம் 11 கியர், இரண்டும் மச்மேக்கர் எக்ஸ் என்ற பட்டியில் சேர்த்துப் பூட்டியது. சிட்னி போயிருந்தபோது அதை ஓடிப் பார்த்த நான் பத்து யார் தூரத்திலேயே நின்றுவிட்டேன். வலக்கையைப் பிடித்தால் பின் சில்லு நின்றது.

அவுஸ்திரேலியாவில் விற்கிற சைக்கிள்களில் வலக்கை முன் பிரேக்குக்கு. எங்கள் ஊரிலும் அப்படித்தான், இங்கிலாந்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் மறுபக்கம். தட்டையான தெருவில் இது சின்ன விஷயம். செங்குத்து இறக்கத்தில் கை யோசிக்காமல் பிடிக்கும். பின்னால் பிடிப்பதாக நினைத்து முன்னால் பிடித்தால் ஆள் ஹாண்டிலுக்கு மேலாலே பறக்கும். ஓக்ஸ் பாதையில் அவவை அந்தச் சைக்கிளோடு இறங்க விட எனக்கு மனமில்லை.

ஷிமானோ லீவர்களில் இடது வேறு, வலது வேறு. பக்கம் மாற்றுவதென்றால் ஹோஸைக் கழற்றி, பித்தளை வளையம் புதிதாகப் போட்டு, ஒயிலைக் காற்றில்லாமல் நிரப்ப வேண்டும். கைட் லீவர் இரு கைக்கும் பொது. மச்மேக்கர் பட்டிதான் இடம் வலம் என்று பிரிந்தது. ஆகவே பட்டிகளைத் திறந்து, ஷிஃப்டரை வலப்பக்கப் பட்டியோடு அப்படியே விட்டு, லீவர்களை மட்டும் ஹோஸோடு பக்கம் மாற்றிப் போட்டோம். ஒரு துளி திரவம் கீழே விழவில்லை. ஹோஸ்களை முன்னால் மறுபக்கமாக வளைத்து ஒழுங்குபடுத்தத்தான் நேரம் பிடித்தது. நன்றாக யோசித்துச் செய்த சாமானோடு வேலை செய்யும்போது வருகிற சந்தோஷத்தை அன்று இருவரும் முழுதாக அனுபவித்தோம்.

பிறகு அவ சொன்னா, "அத்தான், பெருவிரல் எட்டுதில்லை. ஒவ்வொரு முறையும் கையைக் கழற்றித்தான் கியர் மாத்திறன்."

அவவுடைய கை சிறியது. மச்மேக்கரில் ஷிஃப்டரைப் பொருத்த இரண்டு இடம் உண்டு. வெளி இடத்திலும் எட்டவில்லை. ஸ்ராமின் அமைப்பு எனக்குப் பிடித்தது இங்கேதான். ஷிஃப்டரின் உடம்பு ஒன்றே. அடியில் ஒரு திருகைக் கழற்றினால் மச்மேக்கரை விட்டு வந்துவிடும், தனிப் பட்டியில் அதே உடம்பைப் பூட்டலாம். ஷிமானோவில் பட்டி உள்ளதும் ஐ-ஸ்பெக்கும் தனித்தனி மாதிரி எண். வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். பிரேக்குக்கு ஒரு வெறும் பட்டியும் ஷிஃப்டருக்கு ஒரு தனிப் பட்டியும் வாங்கி, அவவின் பெருவிரல் சொன்ன இடத்தில் நிறுத்தினோம்.

இரண்டு கொம்பனிச் சாமான்களை இணைக்கவென்றே தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வுல்ஃப் டூத், ஷிஃப்டர் ஒரு வகையாகவும் பிரேக் வேறு வகையாகவும் இருந்தால் இடையில் வைக்கச் சின்னச் சின்ன இணைப்பிகள் செய்கிறது. இங்கிலாந்தில் பார்னோல்ட்ஸ்விக் என்ற சிற்றூரின் ஹோப், ஜெர்மனியின் மகுரா இரண்டும் பிரேக் செய்கிற கொம்பனிகள். இந்த வகை ஷிஃப்டர்களைச் செய்யாததால், ஸ்ராமுக்கும் ஐ-ஸ்பெக் வகைகளுக்கும் ஏற்ற இணைப்புகளைத் தாமே செய்து விற்கின்றன. இப்படிச் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனாலும் ஒரு பழைய ஷிஃப்டரின் விலைக்கே வந்துவிடுகிற இணைப்பியை அந்த முல்லைத்தீவுப் பெடியனிடம் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

பெரிய கொம்பனிகளால் உடன்பட முடியாது என்று சொல்வதற்கில்லை. பின் டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறிய துண்டு சட்டத்துக்குச் சட்டம் வேறாக இருந்தது. விழுந்து வளைந்தால் சரியானதைத் தேடி அலைய வேண்டும். 2019இல் ஸ்ராம் அதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்து, சட்டம் செய்கிறவர்கள் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்றது. இன்று பல கொம்பனிகளின் சட்டங்களில் அது இருக்கிறது. பிறகு 2023இல் தன் புதிய டெரெய்லரை அந்த இடத்திலேயே நேராகப் பூட்டுகிற மாதிரி செய்தது ஸ்ராம். அதில் அவர்களுடைய இலாபமும் உண்டு. இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஹாண்டிலிலும் அப்படி ஒரு பொது வடிவம்: லீவரின் அடியில் ஒரு துளை, ஒரு தடம், எல்லாருக்கும் ஒரே அளவு. ஷிஃப்டர் யாருடையதாகவும் இருக்கட்டும். கேபிளே இல்லாத வயர்லெஸ் கியர் வந்துவிட்டது, அதன் பொத்தானும் எங்காவது பூட்டத்தான் வேண்டும். முன் பற்சக்கரம் ஒன்றான பிறகு காலியான இடப்பக்கத்தில், சீட்டை ஏற்றி இறக்கும் ரிமோட் வந்து குந்தியிருக்கிறது. அதற்கும் ஈவியா டூவா மச்மேக்கரா என்ற அதே கேள்வி.

2021இல் அவுஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணைக்குழு திருத்தும் உரிமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தொலைபேசி, உழவு இயந்திரம் என்று பெரிய சாமான்களைப் பற்றிய பேச்சு அது. ஹாண்டிலில் பூட்டும் ஒரு பட்டிக்கு அதில் இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலைக்குப் போகும் வழி அந்தப் பட்டியில் தங்கியிருக்கிற ஆட்களை நான் கராஜில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எங்கள் பட்டறையில் ஒழுங்கு ஒன்று கொண்டுவந்தோம். ஷிஃப்டர் பெட்டியை உடைத்து, ஏ, பி, டூ, ஈவி, மச்மேக்கர் என்று தனித்தனிப் பெட்டிகளாக எழுதி ஒட்டினோம். சொந்தப் பட்டி உள்ளவற்றுக்கு எல்லாவற்றிலும் பெரிய பெட்டி. சைக்கிளோடு வருகிறவரிடம் முறிந்ததை எறிய வேண்டாம், முறிந்த லீவரையும் கொண்டுவாருங்கோ என்று சொல்லத் தொடங்கினோம். லீவர் முறிந்தாலும் பட்டி முறிவதில்லை.

மச்சாளின் சைக்கிளில் கழற்றிய வலப்பக்க மச்மேக்கரை அவ தபாலில் எனக்கு அனுப்பி வைத்தா. அது வந்த கிழமையே ஆப்கானிய இளைஞர் ஒருவரின் ஸ்ராம் பிரேக்குக்குப் போய்விட்டது. அவருடைய சைக்கிளில் பட்டி தொலைந்து, லீவரை இன்சுலேஷன் ரேப்பால் சுற்றிக் கட்டியிருந்தார். ஷிஃப்டர் வேறு கொம்பனி, வேறு பட்டி. மச்மேக்கரில் அதற்கான இடம் காலியாகவே இருந்தது. பிரேக் இறுக்கமாக நின்றது. அடுத்த நாள் காலை வேலைக்கு அவர் அதில்தான் போனார்.